மீட்பு யாருடைய செயல்?

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, சுன்னாகத்துக்கு அணித்தாக அமைந்துள்ளது மருதனார்மடம். பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிலே சைவப் பெண்மக்களுக்கென நிறுவிய கல்லூரி இங்கேயுண்டு. கிறிஸ்த சேவ ஆச்சிரமமும் இங்கேயுண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையும் அண்மையிலேயே இருக்கின்றது. இவ்வாறு இரு சமயத்தாரும் அயலவராய் வாழுமிடத்திலே, கிறிஸ்தவர் தம்முள் நெடுங்காலம் வாதிட்டுவரும் வினாவொன்று தனிக்கூர்மை பெறுகின்றது. மனிதனை மீட்பது இறைவனுடைய அருளா, மனிதனுடைய சம்மதமா? இறுதி நியாயத்தீர்ப்பிலே என்றென்றைக்கும் தள்ளுண்டு போவார் உளரா?

இவ்வழக்கு மிகப் பழையது. மனிதன் தன் சித்தத்தாலேயே நன்மையைத் தெரிந்து நடக்க வல்லன் என்றார் பெலாகியு. பாவத்தினாற் கட்டுண்ட சித்தம் அருளின்றி எழமாட்டாது என ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரை மறுத்தார் அகுஸ்தீனார். பதினாறாம் நூற்றாண்டிலே கல்வின், மீட்கப்படுவோர் இன்னாரென இறைவன் ஆதியிலேயே முன்குறித்தனன் என்று போதித்தார். அருளை ஏற்கவும் மறுக்கவும் மனிதனுக்கு இடமுண்டு என்றனர் ஒல்லாந்து தேசத்து ஆர்மீனியுசும் அவர் வழிவந்தோரும். 1618 இலும் 1619 இலும் டோர்ட் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம் இவர்களுடைய கொள்கையைத் தள்ளிவிட்டது.

இதனைத் தொலைதேசத்து வழக்கென்று கருதுதல் வேண்டா. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தருடைய திருச்சபை, டோர்ட் சங்கத்தின் முடிவை ஏற்ற திருச்சபையே. அவர்கள் ஆட்சியிலே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், 1687 இல் மறைந்து வந்து பணியாற்றினார் யோசேப் வாஸ் அடிகளார். அருளே முந்துகின்றது, மனிதன் அதற்கு இசைந்து உடன்பட வேண்டும் என்பது 1547 இல் திரெந்துச் சங்கம் வகுத்த கத்தோலிக்கக் கொள்கை. 1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றும், மறுமொழி கூறும் ஆற்றலை முன்வரும் அருள் எல்லாருக்கும் அளிக்கின்றது என்றும் போதித்தனர். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரோ கல்வினுடைய வழிமரபினர், அவருள் அக்கொள்கையைச் சிறிது தளர்த்திக்கொண்டாரும் உளராயினும். ஆகவே ஒரு சிறு குடாநாட்டிலே வேறுவேறு விடைகள் ஒருங்கே ஒலித்தன.

இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. மீட்பு மனித சித்தத்தைச் சார்ந்ததெனின், வலியோன் பெருமை பேசுவான், மெலியோன் நம்பிக்கையிழப்பான். யாவும் முன்குறிக்கப்பட்டதெனின், மனந்திரும்பு என்னும் அழைப்புக்குப் பொருளில்லை. இயலாதவனைக் குற்றவாளியென்று தீர்ப்பதும் நீதியாகாது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே பவுல் அப்போஸ்தலர் மனித முயற்சியையும் இறைச்செயலையும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டில் ஒன்றை அவர் நீக்கவில்லை.

தமிழருக்கு இவ்வினா புதிதன்று. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ள, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். இவ்வுவமையைக் கொண்டே வடகலையாரும் தென்கலையாரும் வேறுபட்டனர். சைவசித்தாந்தமோ, மலபரிபாகம் எய்திய ஆன்மாவிலே சத்திநிபாதம் நிகழுமென்று கூறும். இராமநாதன் பரானந்தர் என்னும் பெயரிலே மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898 இலும், யோவான் சுவிசேஷத்துக்கு 1902 இலும் ஆங்கிலத்திற் சைவநோக்கான உரைகள் வெளியிட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கொள்கையை ஒப்புநோக்கி 1964 இல் ஆங்கில நூலொன்று தந்தார். ஒப்புமைகளைக் கண்ட அந்நூல் வேறுபாடுகளை மழுப்பவில்லை.

எனினும் யாழ்ப்பாணக் கிறிஸ்தவனுடைய நெஞ்சை உறுத்தும் வினா ஏட்டிலே தோன்றுவதன்று. சுவிசேஷத்தைக் கேளாமலே மாண்ட பாட்டனும் பூட்டனும் என்னாயினர்? அன்போடு வளர்த்த சைவத் தாய்க்குத் தீர்ப்பு யாது? சில காலத்துப் பாவத்துக்கு முடிவில்லாத் தண்டனை தகுமோ என அயலிலுள்ள சைவர் வினவும்போது, அவ்வினா பகைவருடைய வினாவாக மட்டும் நில்லாது. அது வீட்டுக்குள்ளேயே எழும் வினாவாகும்.

திருச்சபையின் விடைகளும் ஒன்றல்ல. நித்திய தண்டனை உண்டென்பது பெரும்பான்மையோர் கொள்கை. தீயோர் முற்றாய் அழிந்தொழிவர் என்பார் சிலர். ஈற்றில் யாவரும் மீளுவர் என்பது ஓரிகேனாரின் பெயரோடு இணைந்த நம்பிக்கை. தம் தவறின்றிக் கிறிஸ்துவை அறியாது, நேர்மையோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படையக்கூடும் என 1964 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று.

யாழ்ப்பாணம் உலகுக்கு அளித்த மெதடிஸ்தப் போதகர் தானியேல் தம்பிராசா நைல்ஸ் (1908–1970), எல்லாரும் மீட்கப்படுவாரோ என்னும் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ கூறப் புதிய ஏற்பாடு இடந்தரவில்லை என்று கருதினார். இது வினாவுக்கு அஞ்சி ஒதுங்குதலன்று. ஆம் எனின் மனிதனுடைய தெரிவு பொருளற்றதாகும். இல்லை எனின் இறைவனுடைய இரக்கத்துக்கு மனிதன் எல்லை வகுத்தவனாவான்.

தீர்ப்பைப் பற்றிய உவமையிலே, பசித்தவனுக்கு உணவும் அந்நியனுக்கு இடமும் கொடுத்தாயா என்பதே கேட்கப்படும் வினா. அங்கே நீதிமான்களும் தம் நிலையை முன்னறிந்திலர். ஆகவே தீர்ப்பை நம்புகின்றவன் அயலவனுக்குத் தீர்ப்பெழுதத் துணியான். தன் செயலுக்குத் தான் பொறுப்பாளி என்பதையும் மறவான். கொள்கையிலே முடிவுறாத இவ்வழக்கு, வாழ்க்கையிலே இவ்விரு கடமைகளையும் ஐயமின்றிக் காட்டி நிற்கின்றது.