வாய்ப்பேச்சு வாடகை

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



நான் சட்டத்தரணி இல்லை. ஏ.எல். வரை படித்து, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். வீட்டை விட்டு எழும்பு என்று சொன்னபடியால்தான் சட்டம் கொஞ்சம் அறிய வேண்டி வந்தது.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் குடும்பமாக இருந்தோம். வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். "தம்பி, எங்களுக்குள்ளை என்ன எழுத்து?" என்றார். மாதாமாதம் காசைக் கையிலேயே கொடுத்தேன். றிசீற் கேட்க வெட்கம். ஒருநாள் இறங்கி வந்து, "அடுத்த கிழமை விட்டிடுங்கோ, கூட வாடகைக்கு ஆள் வருகுது" என்றார். எழுத்து இல்லை, ஆகவே உரிமையும் இல்லை என்று நினைத்து அன்றிரவே பெட்டி கட்டினோம். மகள் தன் பள்ளிக்கூடப் புத்தகங்களை முதலில் கட்டினாள்.

வேலையிடத்து அண்ணை ஒருவர்தான் மறித்துச் சட்ட உதவி நிலையத்துக்கு அனுப்பினார். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. கூட வாடகைக்கு ஆள் கிடைப்பது எழுப்புவதற்குக் காரணமே அல்ல. வீட்டுக்காரர், குடியிருப்பாளர் சபை கட்டளையிட்டால்தான் எழுப்பலாம். அதையும் ஷெரிப்தான் நிறைவேற்றலாம். பூட்டு மாற்றுவது குற்றம்.

வாடகை கூட்டுவதென்றால் 12 மாதத்துக்கு ஒருமுறைதான், 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2026க்கு உச்சவரம்பு 2.1 வீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் குடியிருந்த வீடுகளுக்குப் பொதுவாக இந்த வரம்பு இல்லை. டிப்பொசிற்றாகக் கடைசி மாத வாடகை மட்டும் வாங்கலாம். "உடைஞ்சால் பிடிக்க" என்று வேறு காசு வாங்க முடியாது.

ஒரு விசயம் எங்கட பொடியளுக்கு முக்கியம். வீட்டுச் சொந்தக்காரரோ அவரின் மனைவி, கணவன், பிள்ளை, தாய் தகப்பனோ அதே வீட்டில் வசிக்க, அவர்களுடைய குசினியையோ குளியலறையையோ நீங்கள் பகிர வேண்டியிருந்தால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அறை எடுக்க முன்னம் அடுப்பு எங்கே என்று கேளுங்கோ.

இங்கே வீட்டுக்காரரும் இருக்கிறீர்கள். மோட்கேஜ் கட்டுகிற கஷ்டம் தெரியும். வாடகை தராவிட்டால் நீங்களும் அதே சபைக்குத்தான் போகவேண்டும். அங்கே உங்களுக்கும் எழுத்துத்தான் சாட்சி. 2018 ஏப்ரல் 30 முதல் அரசாங்கமே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது.

எங்கட வீட்டுக்காரருக்கு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போனது. ஒரு மாதம் முகம் பார்க்கவில்லை. பிறகு அவரே றிசீற் புத்தகம் வாங்கி வந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.