அப்பாவின் இனிஷியல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கட்டடம், கான்கிரீட் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். இன்று அதை விட்டுவிட்டு, என் தந்தையார் மறைந்த பிறகு நான் கற்ற ஒரு பாடத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

போன் பண்ணும்போதெல்லாம் "எப்பப்பா வர்றே?" என்பார். "சைட்ல வேலை முடியலப்பா, அடுத்த வாரம் வர்றேன்" என்பேன். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தேன். புரோகிதர் அப்பா பேரைக் கேட்டார், சொன்னேன். தாத்தா பேரும் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா பேரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்; நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கூசிப்போனேன்.

ஊர் திரும்பியதும் வாரிசுச் சான்றிதழ், வங்கி என்று பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் விழுந்தது அப்பாவின் எழுத்து. இந்தக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் அந்த எழுத்தோடுதான் இருந்தேன். அப்போது அது வெறும் இனிஷியல். இப்போது மனசு கேட்டது: அதை எடுத்துவிட்டால் நான் யார்?

அந்தக் கேள்வி என்னை ரமண மகரிஷியின் வரலாற்றைப் படிக்க வைத்தது. அவர் 12 வயதில், 1892-ல், தந்தையை இழந்தவர். 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது எழுதி வைத்த கடிதத்தில் "நான்" என்று தொடங்கி, "இது" என்று மாறி, கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு போட்டார். பேரையே விட்டவர், 1922-ல் தாயார் அழகம்மாளின் கடைசி நேரத்தில் ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்தில் இருந்தார். அந்த அம்மையாரின் சமாதியை ஒட்டித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது.

ஞானம் நமக்கு வருமோ வராதோ, பக்கத்தில் இருக்க நம்மால் முடியும். நான் அதைத்தான் தவறவிட்டேன். இப்போது அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் விடும்போது மந்திரத்தோடு, "மன்னிச்சிடுங்கப்பா" என்றும் சொல்லிக்கொள்கிறேன். துக்கம் தீரவில்லை. ஆனால் நான் ஒரு வரிசையில் நிற்பவன் என்று தெரிகிறது; அது தாங்குகிறது.

தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு, கொள்ளுத்தாத்தா பேரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.