விரல் நுனியில் ஒரு படிப்பு

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் கால்நடை மருத்துவ மாணவர்கள் வீடு திரும்பினார்கள். மருந்தியல் போன்ற வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. அதில் பெரிய சிக்கல் இல்லை. தொழுவத்தில் கற்க வேண்டியதுதான் நின்றுபோனது. இந்தியாவில் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஓராண்டு முழுக்கப் பயிற்சிக் காலம். பிரிட்டனில் கல்லூரிக்கு வெளியே 38 வாரப் பயிற்சி விதியாக இருந்தது. பெருந்தொற்றில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். மாட்டைத் தொடாமல் மாட்டு மருத்துவரா என்ற கவலை எழுந்தது. நியாயமான கவலைதான். ஆனால் விட்டுப்போன வாரங்களை ஈடுகட்டினால் போதும் என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை.

பசுவின் சினைப் பரிசோதனையைப் பாருங்கள். மாணவர் தோள்வரை உறை மாட்டி, ஆசனவாய் வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையை விரலால் தேட வேண்டும். சினை பிடித்து ஏறக்குறைய 5 வாரம் ஆனால், கருப்பைக் கொம்பை இதமாகப் பிடித்து விடுவிக்கும்போது உள்ளே கருச்சவ்வு நழுவுவது தெரியும். அருகில் நிற்கும் ஆசிரியருக்கோ அந்த விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது! ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளி கொரோனா கொண்டுவந்ததல்ல. அதனால்தான் சாரா பெய்லி என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர், தொடுவுணர்வு தரும் கணினிப் பசுவைப் பல ஆண்டுகள் முன்பே உருவாக்கினார். மாணவரின் விரல் போகும் இடத்தை ஆசிரியர் திரையில் பார்த்துத் திருத்தலாம்.

இந்தக் கணினிப் பசு உதைக்காது, அதன் குடல் இறுகிக் கையை நெருக்காது என்பார்கள். உண்மை. உயிருள்ள மாட்டுக்கு அது மாற்றாகாது. மாட்டிடம் போகும் முன் ஏற வேண்டிய படி அது. முந்தைய தலைமுறை நேராக மாட்டிடமே கற்கவில்லையா என்றும் கேட்கலாம். கற்றார்கள், பழகாத கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்த வேதனையைப் பசு தாங்கியது. குடல் சுவர் கிழியும் ஆபத்தும் உண்டு. செலவைக் காரணம் காட்டுவதும் முழுக்கச் சரியல்ல. கணினிப் பசு விலை கூடியதுதான். ஆனால் தையல் பழக வாழைப்பழத் தோல் போதும், கருப்பையின் வடிவம் பழக நீர் நிரப்பிய பலூன் போதும். வீட்டிலிருந்து தையல் போடும் மாணவரின் கையை, கூட்டமான வகுப்பில் பார்ப்பதைவிடக் கேமராவில் ஆசிரியர் நெருக்கமாகப் பார்க்கலாம்.

ஆகவே ஊரடங்கு முடிந்ததென்று இவற்றை மூட்டை கட்டிவிடக் கூடாது. இத்தகைய மாதிரிகளில் தேறிய பிறகே மாணவர் பசுவைத் தொடட்டும். மாதிரிகளைக் காரணம் காட்டிப் பயிற்சி ஆண்டில் ஒரு நாளையும் குறைக்க வேண்டாம்.