நெல் வயலில் கூடு கட்டும் சாரசக் கொக்கு

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



சேற்றுழவு செய்யும்போது உங்கள் பின்னாலேயே நடந்து வந்து புழு பொறுக்கும் வெள்ளைப் பறவையைக் கொக்கு என்கிறோம். நண்டிடம் ஏமாந்து கழுத்தறுபட்ட கதைக் கொக்கும் அந்த இனம்தான். நான் இன்று பேச வந்தது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கொக்குகளைப் பற்றி. அடையாளம் எளிது. நம்மூர்க் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். பெருங்கொக்கு நேராக நீட்டிப் பறக்கும். பின்விரல் சிறுத்திருப்பதால் பெரும்பாலான பெருங்கொக்குகளுக்குக் கிளையைப் பற்றி உட்கார வராது. சீன, ஜப்பானிய ஓவியங்களில் பைன் மரத்தின்மேல் பெருங்கொக்கு நிற்கும். படம் அழகுதான், பறவை அப்படி நிற்பதில்லை.

இவற்றுள் சாரசக் கொக்கு வட இந்தியாவுக்கு உரியது; தமிழ்நாட்டில் இல்லை. பின் ஏன் அதைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று கேட்பீர்கள். அது உங்களைப் போன்ற நெல் விவசாயியின் வயலில் கூடு கட்டுகிறது என்பதால்தான்.

ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், சாம்பல் நிற உடல், சிவந்த தலை. பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது உலகில் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இரை தேடும். ஒன்று குரல் கொடுத்தால் மற்றது உடனே சேர்ந்துகொள்ளும். நம் இலக்கியத்தில் பிரிவைத் தாங்காத பறவை அன்றில். வடநாட்டில் அந்த இடம் சாரசத்திற்கு. துணை இறந்தால் மற்றதும் பட்டினி கிடந்து இறந்துவிடும் என்று கிராமத்தார் சொல்வர். சில சமயம் வேறு துணையைத் தேடிக்கொள்வதும் உண்டு. என்றாலும் அந்த நம்பிக்கை ஒரு நல்ல காரியம் செய்தது: சாரசத்தைக் கொல்ல மக்கள் கூசினார்கள்.

வால்மீகி முனிவர் தமசா நதிக்கரையில் கண்டது கிரௌஞ்சப் பறவைகளின் இணை. வேடனின் அம்பில் ஆண் விழ, பெண் கதறியது. முனிவரின் துயரம் சுலோகமாக வெளிப்பட்டது. இராமாயணம் பிறந்த கதை இது. அந்தக் கிரௌஞ்சம் சாரசமே என்று கருதுவோர் பலர்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சிக் காலம் 1605–1627) லைலா, மஜ்னு என்று பெயரிட்டு ஒரு சாரச இணையை வளர்த்தார். முட்டைகளுக்கிடையே இரண்டு நாள் இடைவெளி, அடைகாக்க 34 நாட்கள் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அரசருக்கு எத்தனையோ வேலை இருக்க, கூட்டருகே நாள் எண்ணிக்கொண்டிருந்தாரே! அவர் அவை ஓவியர் மன்சூர் வரைந்தது இன்னொரு வகையான சைபீரிய வெண்கொக்கை. அந்த இனம் குளிர்காலத்தில் ராஜஸ்தானத்துப் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது. 2002க்குப் பின் அங்கு வரவில்லை. படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சாரசம் அந்தக் கதிக்கு ஆளாகாமல் இருப்பதில் உத்தரப்பிரதேச விவசாயிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சதுப்பு நிலங்கள் குறையக் குறைய, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நெல் வயலையே அது நாடுகிறது. நாணலையும் நெற்பயிரையும் பிடுங்கித் தண்ணீர் நடுவே மேடாகக் குவித்து, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஒரு சிறு வட்டம் பயிர் போகும். உழைத்தவனுக்கு அது இழப்புத்தான். முட்டையை எடுத்து அப்புறப்படுத்துவோரும் உண்டு. பலர் கூட்டை விட்டுச் சுற்றிக் களை எடுக்கிறார்கள். பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் பெற்றோர் பின்னால் நடந்து போய்விடும். நத்தை, தவளை, வெட்டுக்கிளி, கோரைக்கிழங்கு, சிந்திய தானியம் எல்லாம் அதற்கு உணவு.

ஆபத்தும் இந்த உணவு வழியாகவே வந்தது. 1980களின் இறுதியில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் சாரசங்கள் இறந்து கிடந்தன. சோதித்ததில், சுற்றுப்புற வயல்களில் விதைப்பையொட்டிப் பயன்படுத்திய ஆல்ட்ரின் மருந்து உடலில் இருந்தது. அம்மருந்து பின்னர் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த கோதுமை விதையைத் தின்று பத்துக்கு மேற்பட்ட சாரசங்கள் மாண்டன. அவற்றைக் கொல்ல யாரும் மருந்து வைக்கவில்லை. விதை மண்ணுக்கு மேலே கிடந்தது, அவ்வளவே.

மருந்திட்ட விதையைத் தின்னச் சாரசம்தான் வர வேண்டும் என்பதில்லை. நம் வயலில் மயில் இருக்கிறது, புறா இருக்கிறது, கௌதாரி இருக்கிறது. ஆகவே, பூச்சிமருந்து கலந்த விதையைத் தெளித்துவிட்டு அப்படியே விடாதீர்கள். அன்றே மண்ணால் மூடுங்கள். சால் திரும்பும் இடத்திலும் வரப்போரத்திலும் சிந்தியதை ஒருமுறை நடந்து பார்த்துக் கூட்டி எடுங்கள். தேவைக்கு மேல் விதை நேர்த்தி செய்ய வேண்டாம். மிஞ்சினால் கோழிக்கோ மாட்டுக்கோ போடாமல், கிணறு, வாய்க்காலுக்கு எட்டத்தில் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். விதை கலந்த சாக்கை வாய்க்காலில் அலசாதீர்கள். எந்தப் பயிருக்கு எந்த மருந்து, கிலோ விதைக்கு எவ்வளவு என்பதை உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு டப்பாவைத் திறவுங்கள்.