ஷெர்காட்டிக் கல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

1865 ஆகஸ்டு 25 அன்று பீகாரில், கயைக்கு அருகிலுள்ள ஷெர்காட்டியில், வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஏறத்தாழ 5 கிலோ. அதன் பெரும்பகுதி, நாம் குடியேறி வாழும் இக் கொல்கத்தா நகருக்கே, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது.

விண்கல் என்றதும் நாம் நெருப்பையே நினைக்கிறோம். காற்றைக் கிழித்து வருகையில் கல்லின் மேற்புறம் உருகுவது உண்மையே. ஆனால் அவ்வாறு உண்டாகும் கருந்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சில விநாடிப் பயணத்தில் சூடு உள்ளே இறங்க நேரமில்லை. ஆதலின், உள்ளே கனிமங்கள் மாறியிருந்தால் அதற்கு வேறு காரணம் வேண்டும்.

1872இல் வியன்னா அறிஞர் செர்மாக் இக் கல்லில் நிறமற்ற பொருள் ஒன்றைக் கண்டார். சேர்க்கையில் அது பெல்ஸ்பார் என்னும் கனிமம். ஒளியை நடத்தும் முறையிலோ வெறுங் கண்ணாடி! பிரிட்டிஷ் மியூசியத்து மாஸ்கலின் பெயரால் அதற்கு 'மாஸ்கலினைட்' என்று பெயரிட்டார். கற்கண்டை உருக்கினால் பாகாகிறது. முகமும் முனையும் அழிகின்றன. இங்கோ படிகத்தின் வடிவம் அப்படியே நின்றது. உள்ளே அணுக்களின் வரிசை மட்டும் குலைந்திருந்தது.

புதிர் அவிழ 90 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1963இல் மில்டன், டிகார்லி என்னும் இருவர், வெடிமருந்தின் அதிர்ச்சியால் பெல்ஸ்பாரை இவ்வாறே மாற்றிக் காட்டினர். இதற்கு வேண்டும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று இலட்சம் மடங்கு. விண்வெளியிலிருந்து வரும் பெரும்பாறை மோதினாலன்றி அத்தகைய அடி வாய்க்காது. உருகாமலே குலைந்ததா, உருகி ஓடுமுன் உறைந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அடிபட்டது என்பதில் இல்லை. அடிக்குப் பின் கடுஞ்சூடு நெடுநேரம் நிலைத்திருந்தால், அக் கண்ணாடி மீண்டும் படிகமாகியிருக்கும். ஆகவே கல் விரைவில் ஆறியது என்றும் தெரிகிறது.

அடித்த இடம் எது? இதற்கு விடை தந்தது, அண்டார்க்டிக்காவில் கிடைத்த வேறொரு கல். ஷெர்காட்டியின் பெயரால் 'ஷெர்காட்டைட்' என வழங்கும் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். மோதலில் உருகி உறைந்த கண்ணாடி அதனுள் இருந்தது. அதில் சிறைப்பட்டிருந்த வாயுக்களை 1983இல் அளந்தனர். 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றோடு அவை ஒத்திருந்தன.