குறைவின்மை வேட்கையும் விளம்பர எழுத்தும்



கவிதைத் தொகுதி ஒன்று அச்சாகி வந்துவிடுகிறது. கட்டுகள் பரணில் அடுக்கப்படுகின்றன. நூலைப் பற்றி இதழ்களுக்கு எட்டு வரியில் ஓர் அறிவிப்பு எழுதி அனுப்ப வேண்டும். நூறு பக்கக் கவிதை எழுதிய கை அந்த எட்டு வரியில் நின்றுவிடுகிறது. முதலில் எழுதிய வரி தற்புகழ்ச்சியாகத் தோன்றுகிறது. மாற்றி எழுதியது சந்தைக் கூவலாகத் தோன்றுகிறது. மூன்றாவது உயிரற்றுக் கிடக்கிறது. தாள் கசக்கி எறியப்படுகிறது. அறிவிப்பு போவதில்லை, நூலும் பரணைவிட்டு இறங்குவதில்லை.

இதனைச் சோம்பல் என்று கருதுவது பிழை. குறைவற்ற வரி ஒன்று எங்கோ இருக்கிறது, அது கிட்டும்வரை எதனையும் வெளியே விடலாகாது என்னும் வேட்கையே இத்தடையின் வேர். கவிதையில் இவ்வேட்கை தவம் என்ற பெயரில் மறைந்து கொள்ளும். விளம்பரம் போன்ற எளிய எழுத்தில் அதற்கு மறைவிடம் இல்லை. ஆகவே அதன் இயல்பை அறிய விளம்பர எழுத்தே தக்க இடமாகும்.

போர்த்துக்கீசியக் கவிஞர் ஃபெர்னாண்டோ பெசோவாவின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. 1888இல் லிஸ்பனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆங்கிலக் கல்வி பெற்றவர் அவர். லிஸ்பன் வணிக நிறுவனங்களுக்கு அயல்மொழிக் கடிதங்கள் எழுதிப் பிழைத்தார். 1926இல் தங்கையின் கணவருடன் சேர்ந்து வணிகமும் கணக்கியலும் பற்றிய இதழொன்றை நடத்தினார். விளம்பர நிறுவனம் ஒன்றுக்கும் எழுதிக் கொடுத்தார். 1920களின் பிற்பகுதியில் கோகோ கோலா பானத்துக்காக அவர் எழுதிய வாசகம், முதலில் அது விந்தையாக இருக்கும், பின்னர் உள்ளே ஊறிவிடும் என்னும் பொருளுடையது. போர்த்துக்கீசிய மொழியில் அவ்விரு வினைச்சொற்களும் ஏறக்குறைய ஒரே ஓசையின. சிறு ஒலி மாற்றமே பொருளைப் புரட்டிப் போடுகிறது. கவிஞனின் செவி இல்லாமல் அது பிறந்திராது. உள்ளே ஊறிவிடும் என்னும் அச்சொல்லே பானம் போதை தருவதற்குச் சான்று என்று சுகாதார அதிகாரிகள் வாதிட்டதாகவும், அதனால் பானத்துக்குத் தடை நேர்ந்ததாகவும் கூறுவர். 1977இல்தான் கோகோ கோலா போர்த்துக்கல் சந்தையை அடைந்தது. வாசகமோ மக்கள் வாயில் பழமொழிபோல் நிலைத்துவிட்டது.

அதே பெசோவா, 'அமைதியின்மையின் நூல்' என்னும் உரைநடைப் படைப்பை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதியும் முடிக்கவில்லை. 1935இல் அவர் இறந்தபோது, போர்த்துக்கீசிய மொழியில் நூலாக வெளிவந்திருந்த அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றே ஒன்று. அதுவும் முந்திய ஆண்டில் வந்தது. ஒரு பெட்டியில் 25,000க்கு மேற்பட்ட தாள்கள் கிடந்தன. 'அமைதியின்மையின் நூல்' 1982இல், அவர் மறைந்து 47 ஆண்டுகள் கழித்து, பதிப்பாசிரியர்களின் உழைப்பால் அச்சேறியது. துண்டுகளின் வரிசை எது என்பதில் பதிப்புக்குப் பதிப்பு இன்றும் வேறுபாடு உண்டு.

அப்பெட்டியின் செல்வம் உலகறிந்தது. ஆகவே முடித்த வாசகம் உயர்ந்தது, முடியாத நூல் தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவதற்கில்லை. ஆயினும் எண்ணிப் பார்க்கத் தக்கது ஒன்றுண்டு. ஒரே கை ஓரிடத்தில் வரியை விட்டுக்கொடுத்தது. மற்றோரிடத்தில் விட மறுத்தது. விளம்பரத்துக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. வாசிப்பவர் இன்னார் என்பது தெரிந்திருந்தது. கையிலிருந்து தாளை வாங்கிக்கொள்ள வேறொருவர் காத்திருந்தார். பெட்டிக்கு இம்மூன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து அரை நூற்றாண்டு உழைக்கும் அறிஞர்கள் எல்லாக் கவிஞர்க்கும் வாய்ப்பதுமில்லை.

விளம்பரத்தையே தொழிலாகக் கொண்டவர்க்கும் இவ்வச்சம் உண்டு. 1948இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கிய டேவிட் ஓகில்வி, 1955 ஏப்ரலில் எழுதிய கடிதமொன்றில் தம் எழுத்து முறையை ஒளிவின்றி விவரித்திருக்கிறார். மோசமான விளம்பரத்தை எழுதிவிடுவோமோ என்று நடுங்குவாராம். முதல் இருபது முயற்சிகளையும் எறிந்துவிடுவாராம். வேறு வழியே இல்லையெனில் அரைப் புட்டி ரம்மும் ஹாண்டலின் இசைத்தட்டும் துணையாம். அம்மருந்தை இவ்வவைக்குப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. மறுநாள் அவர் செய்வதே முக்கியம். விடியலில் எழுந்து, இரவு கொட்டியதைத் திருத்த அமர்வார். தாம் மோசமான எழுத்தாளர், ஆனால் நல்ல திருத்துநர் என்பது அவரே தமக்கு அளித்துக்கொண்ட மதிப்பீடு. நான்கைந்து முறை திருத்திய பின் வாடிக்கையாளரிடம் காட்டப் போதுமானதாகத் தோன்றும் என்று கூறுகிறார். 'குறைவற்றது' என்று அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது.

இம்முறையின் நுட்பம், எழுதுபவனையும் திருத்துபவனையும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் அமர்த்தாமையே. 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்காக எழுதியபோது ஓகில்வி 26 தலைப்புகள் எழுதினார். அவற்றுள் சிறந்ததைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை உடன் பணிபுரிந்த எழுத்தாளர் சிலரிடம் விட்டார். மணிக்கு 60 மைல் வேகத்திலும் காரின் கடிகார ஒலியே பெரிதாகக் கேட்கும் என்னும் புகழ்பெற்ற தலைப்பு அவ்வாறு தேர்ந்தது. அச்செய்தியும் அவர் கற்பனையில் உதித்ததன்று. காரைப் பற்றி மூன்று வாரம் படித்தபோது, கார் இதழ் ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியர் கூறியிருந்ததில் கண்டெடுத்தது. குறைவற்ற ஒன்றைத் தேடியிருந்தால் முதல் தலைப்பிலேயே நின்றிருப்பார். 26ஐ எழுதியதால் ஒன்று கிடைத்தது.

கவிஞர் மேரியன் மூரின் கதை வேறொரு பாடம் கற்பிக்கும். 1955இல் ஃபோர்டு நிறுவனத்தார், வெளிவரவிருந்த புதிய காருக்குப் பெயர் வேண்டி அவருக்குக் கடிதம் எழுதினர். சொல்லைச் சுண்டக் காய்ச்சுவதில் அவரினும் கடுமையானவர் அரியர். கவிதையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கவிதையை, ஏறத்தாழ முப்பது வரியிலிருந்து, 1967இல் மூன்று வரியாகக் குறுக்கியவர். அத்தகையவர் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக, தயக்கமின்றி எழுதி அனுப்பினார். அவற்றுள் 'யூட்டோப்பியன் டர்ட்டில்டாப்' என்னும் விசித்திரமும் ஒன்று. நிறுவனம் ஒன்றையும் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களை ஆராய்ந்து, முடிவில் ஃபோர்டு குடும்பத்து மகனின் 'எட்செல்' என்னும் பெயரையே சூட்டியது. 1957இல் வந்த அக்கார் 1959இல் நிறுத்தப்பட்டது. அத்தனை ஆராய்ச்சியும் அதனைக் காக்கவில்லை. மூருக்கோ இழப்பேதுமில்லை. அக்கடிதங்கள் 1957இல் 'நியூயார்க்கர்' இதழில் வெளிவந்து இன்றும் மகிழ்ச்சியுடன் படிக்கப்படுகின்றன. மூன்று வரியாகக் குறுக்கிய நூலிலும், பழைய நீண்ட வடிவத்தைக் குறிப்புப் பகுதியில் அவர் அச்சிட்டார். திருத்தம் என்பது முந்தியதைக் கொல்வதன்று என்பதற்கு அது அடையாளம்.

இவற்றால் தரத்தைத் தளர்த்தலாம் என்று பொருள் கொள்ளலாகாது. பிழையின்மை வேறு, குறைவின்மை வேறு. விலை, நாள், முகவரி, கூறும் செய்தியின் உண்மை ஆகியவற்றில் பிழையின்மை கடமை. அது எட்டக்கூடியது, சரிபார்த்தால் முடிந்துவிடும். குறைவின்மையோ நெருங்க நெருங்க விலகும் தொடுவானம். அதற்குச் சரிபார்க்கும் பட்டியலும் இல்லை, முடியும் நாளும் இல்லை. முன்னது வாசகனுக்குச் செய்யும் மரியாதை. பின்னது பெரும்பாலும் வாசகன் பார்வைக்கு அஞ்சும் அச்சம்.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை அறியும். நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்று நன்னூல் வகுத்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் முதலியவை எழுதியதில் காணத்தக்க குற்றங்கள். எழுதாத தாளில் அவற்றைத் தேட இயலாது. அதற்கும் மேலாக, குறையை ஒப்புக்கொண்டே நூலை அவைமுன் வைக்கும் அவையடக்கம் என்னும் உறுப்பையும் இம்மரபு படைத்தது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார் கம்பர். ஒப்பிட்டபின் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. காவியத்தைப் பாடி முடித்தார். அடக்கம் அவருக்குத் தடையாகவில்லை, வாயிலாயிற்று.

ஆகவே எட்டு வரி அறிவிப்பின் முன் திகைத்து நிற்கும் கவிஞருக்கு உரியது எளிய ஒழுங்கே. அனுப்பும் நாளை முன்னரே ஒருவரிடம் கூறிவிடுதல். ஒரு மாலையில் நல்லது தீயது பாராது பல வடிவங்கள் எழுதுதல். மறுநாள் காலையில் திருத்துதல். தெரிவை நண்பர் ஒருவரிடம் விடுதல். விலையும் முகவரியும் சரிபார்த்து உறையை ஒட்டுதல். நண்பரின் கண் தேவைப்படும் இடத்தில் இத்தகைய வட்டத்தின் பயன் விளங்கும். எழுதியதைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒருவர் காத்திருக்கும் இடமே இலக்கிய வட்டம். பெசோவாவின் பெட்டிக்கு வாய்க்காதது அதுவே.

அடுத்த பத்தாண்டில் உறுப்பினர்களின் பரண்கள் வெறுமையாகட்டும்.