பழைய ஸ்டீரியோவுக்குத் தனி டேக் தேவையா?

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தும் பாட்டு தெளிவாக இல்லையே என்று குறைப்படுவோர் பலர். இலக்கவியல் ஒலிமாற்றி, அதாவது டேக், ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொல்வார்கள் நண்பர்கள். நேயர்களே, பணத்தை எடுக்குமுன் அந்தப் பெட்டி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிடியில் ஒரு விநாடி இசை, இடம் வலம் ஒவ்வொன்றுக்கும் 44,100 எண்களாகப் பதிவாகியிருக்கிறது. அந்த எண்களை மின்னலையாக மாற்றுவதே டேக். 1982-இல் வந்த சோனியின் முதல் சிடி பிளேயரில் இரு பக்கத்துக்கும் ஒரே மாற்றிதான். மாறி மாறிப் பங்கு போட்டுக்கொண்டன! இன்று மலிவான டேக்கும் அதைவிடத் துல்லியமானது.

கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து இரைச்சலோடு பாட்டு வருகிறதா? யுஎஸ்பியில் இணைக்கும் சாதாரண டேக்கே போதும். நல்ல சிடி பிளேயர் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. பழைய பாடல்களின் பதிவிலேயே உள்ள நாடா இரைச்சலை எந்த டேக்கும் நீக்காது.

கடையில் ஒப்பிடும்போது கவனம் தேவை. சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் காதுக்கு இனிமையாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவில் வைத்து, எது எதென்று பார்க்காமல் கேளுங்கள். வேறுபாடு இல்லையென்றால் அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். அதற்கும் முன்னால், சுவரை ஒட்டிய ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தடித்துக் கேட்கும். ஓரடி முன்னே நகர்த்திப் பாருங்கள், செலவே இல்லை.